காது இரைச்சலுக்குக் காது மெஷின்: பரிசோதனையில் தொடங்கிப் பழகி முடிக்கும் வரை

காதுக்குள் ஓயாமல் ஒரு சத்தம். சிலருக்குச் சில்வண்டு கத்துகிற மாதிரி, சிலருக்கு ஆவி சீறுகிற மாதிரி, சிலருக்கு 'ஙொய்' என்று ஒரே சுரத்தில். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. கூடவே, "மாமா, எத்தனை தடவை கூப்பிடுறது?" என்று மருமகள் கேட்கிற அளவுக்குக் காதும் கொஞ்சம் மந்தமாகியிருக்கும். இலங்கை மலையகத்தில் இப்படி வாழ்கிறவர்கள் நிறையப் பேர். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோலருக்கும் ட்ரையருக்கும் பக்கத்தில் பல வருஷம் நின்றவர்கள், புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள், திருவிழா தவறாமல் தப்பு அடிக்கிறவர்கள், வயசான அம்மா அப்பா. என் அப்பாவும் ரோலர் அறையில் வேலை செய்தவர்தான், அதனால் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தேன், தேடித் தேடிப் படித்தேன். "வயசாயிருச்சு, சகிச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காது மெஷின் இரைச்சலை அழிக்காது. ஆனால் காது மந்தமும் இரைச்சலும் சேர்ந்து இருக்கிறவர்களுக்கு, அவரவர் காதுக்கு ஏற்றபடி சரியாக டியூன் செய்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் போட்டால், இரைச்சலின் தொல்லை குறைய நல்ல வாய்ப்பு உண்டு. நம்மவர்கள் பெரும்பாலும் கோயிலுக்கு, கல்யாண வீட்டுக்கு, கிளினிக்குக்கு என்று வெளியே போகும்போது மட்டும் போடுகிறார்கள், வீட்டுக்கு வந்ததும் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு "இரைச்சலுக்கு இது ஒண்ணும் செய்யலை" என்கிறார்கள். இரைச்சலுக்காக என்றால் அதைப் போட வேண்டிய முக்கியமான நேரமே வீட்டில் சத்தம் அடங்கிய நேரம்தான். ஏன் என்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மெஷினுக்கும் இரைச்சலுக்கும் என்ன சம்பந்தம்

உட்காதில் நத்தைக்கூடு வடிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர்க் கலங்கள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000. இவைதான் வெளிச்சத்தத்தை நரம்புக்கு அனுப்புகின்றன. இரைச்சலான வேலை, வயது, சில மருந்துகள் இவற்றைச் சிதைத்தால் மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது கீச்சுச் சத்தங்களைப் பிடிக்கும் கலங்கள். அந்தப் பக்கத்திலிருந்து மூளைக்கு வரவேண்டிய செய்தி குறைந்ததும், மூளை தன் பங்குக்கு உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. மலைக்குப் பின்னால் ரேடியோ சரியாகப் பிடிக்காதபோது வால்யூமைக் கூட்டினால் பாட்டு வருவதற்கு முன் 'உஸ்' என்ற சத்தம்தான் பெரிதாக வருமே, ஏறக்குறைய அதேதான். பலருக்கு இரைச்சலின் சுரமும் காது மந்தமான அதே பகுதியில்தான் இருக்கும்.

சத்தமே இல்லாத இடத்தில் இருந்தால் நல்ல காதுக்கும் ஏதாவது கேட்கும். 1953இல் ஹெல்லர், பேர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். காது மந்தமானவருக்கு வீடே பாதி அந்த அறை ஆகிவிடுகிறது. தூறல், பக்கத்துக் காம்பராவில் பேச்சு, அடுப்பில் விறகு வெடிப்பது, பீலித் தண்ணீர் விழுவது எதுவும் காதில் விழாது. மிச்சம் இருப்பது இரைச்சல் மட்டும். காது மெஷின் அந்தச் சின்னச் சின்னச் சத்தங்களைத் திருப்பிக் கொண்டுவருகிறது. இரைச்சலுக்கு அவை போட்டியாக நிற்கின்றன, மூளைக்கும் உணர்திறனை அவ்வளவு கூட்டி வைக்கத் தேவை குறைகிறது. பேச்சைப் பிடிக்கப் படும் பாடு குறைவதும் ஒரு காரணம், ஏனென்றால் நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டே இருந்து களைத்தவருக்குச் சாயந்தரம் இரைச்சல் இன்னும் கொடுமையாக இருக்கும்.

இது புது யோசனை இல்லை. 1947இலேயே சால்ட்ஸ்மன், எர்ஸ்னர் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டல், காது மந்தத்தோடு நீண்டநாள் இரைச்சல் தொல்லை உள்ளவர்களுக்குக் காது மெஷின் பொருந்துமா என்று பார்க்கச் சொல்கிறது. பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2020 வழிகாட்டலும் பேச்சைக் கேட்கச் சிரமப்படும் அளவுக்குக் காது மந்தமும் இரைச்சலும் இருப்பவர்களுக்கு மெஷின் கொடுக்கச் சொல்கிறது, காது நன்றாகக் கேட்கிறவர்களுக்கு இரைச்சலுக்காக மட்டும் கொடுக்க வேண்டாம் என்கிறது. எல்லாம் முழுதாக நிரூபிக்கப்பட்டது என்று சொன்னால் அது நேர்மை இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கொக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 8 ஆய்வுகளில் 590 பேரைப் பார்த்தது. மெஷின் போட்டவர்கள், மெல்லிய சத்தம் தரும் கருவி போட்டவர்கள், இரண்டும் சேர்ந்த கருவி போட்டவர்கள் என மூன்று பக்கமும் தொல்லை குறைந்தது, ஆனால் ஒன்று மற்றதைவிட மேல் என்று காட்ட முடியவில்லை, எதுவும் போடாதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வும் அதில் இல்லை. எனக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம், 'இரைச்சலுக்கென்றே ஸ்பெஷல்' என்று கூடுதல் விலை சொன்னால் உடனே மயங்க வேண்டாம் என்பதுதான்.

முதல் வேலை: டொக்டர் காதைப் பார்க்கட்டும்

மெஷின் கடைக்கு நேரே போகாதீர்கள். சில இரைச்சலுக்கு மெஷின் மருந்தே இல்லை, சிலதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

திடீரென்று, ஒரே நாளில் அல்லது மூன்று நாளுக்குள், ஒரு காது அடைத்துக் கேட்காமல் போய் இரைச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சளி பிடித்ததால் அடைத்திருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். இதற்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள், அதை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டாலோ, தலை சுற்றி நிற்க முடியாமல் போனாலோ, தலையில் அடிபட்டபின் இரைச்சல் தொடங்கினாலோ அதுவும் அவசரம்தான், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

அவசரம் இல்லாவிட்டாலும் கட்டாயம் டொக்டரிடம் சொல்ல வேண்டியவை மூன்று. நாடித்துடிப்போடு சேர்ந்து 'தப், தப்' என்று கேட்பது. ஒரு காதில் மட்டும் கேட்பது, இதற்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம், பயப்படாமல் எடுத்துவிடுங்கள். காதில் சீழ் வடிவது.

குறும்பி அடைத்திருந்தாலே இரைச்சல் கேட்கும். டொக்டர் அதை எடுத்துவிட்டதும் பாதித் தொல்லை போனவர்கள் உண்டு. அதனால் ஊக்கு, கோழி இறகு, தீக்குச்சி, சூடாக்கிய எண்ணெய் எதையும் காதில் விடாதீர்கள், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெயே பெரிய வினையாகிவிடும்.

குடிக்கிற மருந்தெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அதிக அளவு அஸ்பிரின், சில மூட்டுவலி மாத்திரைகள், நீர் போவதற்குக் கொடுக்கும் ஃபுரோசமைட், முன்பு காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, ஜென்டாமைசின், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் இவை காதைப் பாதிக்கக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், டொக்டர் முடிவு செய்யட்டும்.

போகும் வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். பக்கத்து அரசாங்க வைத்தியசாலையில் காட்டி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குத் துண்டு வாங்க வேண்டும். கண்டி, பதுளை போன்ற பெரிய வைத்தியசாலைகளில் அந்த கிளினிக் நடக்கிறது. கிளினிக் நாளையும் காது பரிசோதனை நாளையும் ஒன்றாக வைத்துத்தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது, பஸ் காசும் போகிறது, அதைக் கூச்சப்படாமல் சொல்லலாம்.

காதுப் பரிசோதனை: அந்தத் தாளை நீங்களும் வாசியுங்கள்

இரவு ஷிஃப்ட் முடித்து ஸ்டோரிலிருந்து நேரே பரிசோதனைக்குப் போகாதீர்கள். இரைச்சலில் நின்ற காது சில மணி நேரத்துக்குக் கூடுதல் மந்தமாக இருக்கும், ரிசல்ட் தப்பாக வரும். குறைந்தது 14 மணி நேரமாவது பெரிய சத்தம் இல்லாமல் இருந்துவிட்டுப் போங்கள்.

கூட்டுக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, மெல்லிய சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். இரைச்சல் உள்ளவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள், கேட்பது ஹெட்போனில் வரும் சத்தமா காதுக்குள் இருக்கும் சத்தமா என்று பிரிக்க முடியாது. தொடங்கும் முன்பே "எனக்கு இரைச்சல் இருக்கிறது, விட்டு விட்டு வரும் சத்தமாகக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். அப்படிக் கொடுக்கும் வசதி பரிசோதனைக் கருவியில் இருக்கிறது. பரிசோதிப்பவருக்குத் தமிழ் வராது என்றால் சிங்களம் பேசும் ஒருவரைக் கூட்டிப்போங்கள், சும்மா தலையாட்டிவிட்டு வந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

முடிந்ததும் தருகிற ஓடியோகிராம் தாளில் சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. இடமிருந்து வலமாக 250இலிருந்து 8000 ஹேர்ட்ஸ் வரை, அதாவது கட்டைச் சத்தத்திலிருந்து கீச்சுச் சத்தம் வரை. கோடு கீழே இறங்க இறங்கக் காது மந்தம். சத்தத்தை அளப்பது டெசிபலில், உலக சுகாதார அமைப்பின் கணக்கில் கோடு 20 டெசிபலுக்குள் இருந்தால் சரி, 20 முதல் 34 வரை லேசான மந்தம், 35 முதல் 49 வரை நடுத்தரம், அதற்கு மேல் போகப் போகக் கடுமை. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு 4000 ஹேர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். வயதால் வருவது தாளின் வலது பக்கம் போகப் போகச் சரிந்துகொண்டே போகும். ச, த, க போன்ற எழுத்துகளின் கூர்மை எல்லாம் அந்தக் கீச்சுப் பகுதியில் இருப்பதால்தான் "குரல் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு விளங்கல" என்ற நிலை வருகிறது.

இந்தத் தாளை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அசலையும் கிளினிக் கொப்பியோடு பத்திரமாக வையுங்கள். எந்த மெஷினை டியூன் செய்வதும் இதை வைத்துத்தான். கோடு முழுக்க 20க்குள் இருந்தால், மெஷினில் காசு போட வேண்டாம், பின்னால் இரவைப் பற்றிச் சொல்லியிருக்கும் பகுதியும் கடைசியில் இருக்கும் சிகிச்சையும் உங்களுக்கு உதவும்.

மெஷின் தேர்வு

ஊருக்குள் வருகிற விற்பனைக்காரர்களிடமும் இணையத்திலும் மலிவாக ஒன்று கிடைக்கும், காதில் மாட்டினால் எல்லாச் சத்தமும் ஒரேயடியாகக் கூடும். அது காது மெஷின் அல்ல, வெறும் ஒலிபெருக்கி. உங்களுக்குக் குறைந்திருப்பது கீச்சுப் பகுதி மட்டும் என்றால் அது நன்றாகக் கேட்கும் பகுதியையும் சேர்த்துக் கத்தவைக்கும், இருக்கிற காதையும் கெடுக்கும். இரைச்சல் உள்ளவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கேட்டல் கோடு கட்டைப் பக்கத்தில் நன்றாகவும் கீச்சுப் பக்கத்தில் சரிந்தும் இருந்தால், காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய கம்பியோ குழாயோ உள்ளே போய், நுனியில் துளைகள் உள்ள மென்மையான ரப்பர் முனை இருக்கும் வகையைக் கேளுங்கள். காதை முழுக்க அடைக்காமல் இருப்பதுதான் இங்கே முக்கியம். காதை அடைத்தால் வெளிச்சத்தம் நின்று இரைச்சல் பெரிதாகும், விரலால் காதைப் பொத்திப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். மந்தம் கடுமையாக இருந்தால் காதுக்கு அளவெடுத்த அச்சு தேவைப்படும், அதிலும் காற்றுத் துளை வைக்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டு காதும் மந்தம் என்றால் இரண்டுக்கும் போடுவதுதான் நல்லது. காசு இல்லாவிட்டால் ஒன்றில் தொடங்கலாம், தப்பில்லை.

கொழுந்தெடுக்கிற அம்மாக்களுக்கு ஒரு விஷயம். தலைத்துணியும் அதன்மேல் கூடைக் கயிறும் காதுக்குப் பின்னால் உரசும், மெஷின் விசிலடிக்கும், சிலசமயம் கழன்று தேயிலைச் செடிக்குள் விழுந்துவிடும். போட்டுப் பார்க்கும்போதே தலைத்துணி கட்டிப் பாருங்கள், சட்டையில் கொளுவிவைக்கும் சின்னக் கயிறு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

சார்ஜ் செய்கிற வகையா, பெட்டரி போடுகிற வகையா? மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் ஒரு நாள் இரண்டு நாள் வராத தோட்டங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடம் என்றால் பெட்டரிதான் என் யோசனை. விரல் நடுங்குகிற, கண் பார்வை மங்கிய பெரியவர் என்றால் சார்ஜ் வகை சுலபம். பெட்டரி வகையில் 312 என்ற அளவுக்குப் பழுப்பு ஸ்டிக்கர், 13க்கு ஆரஞ்சு. 13 கொஞ்சம் பெரியது, பிடிக்க வசதி, அதிக நாளும் வரும். உங்கள் டவுனில் எந்த அளவு தட்டில்லாமல் கிடைக்கிறது என்று மெஷின் வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: சில நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா, மறுபடி டியூன் செய்ய வந்தால் காசா, பழுதானால் எங்கே கொடுப்பது, எத்தனை வருஷ உத்தரவாதம். தோட்டத்திலிருந்து கொழும்புக்கு ஓட வேண்டியிருந்தால் எவ்வளவு நல்ல மெஷினும் பெட்டியில்தான் கிடக்கும். வசதி இல்லாதவர்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்த்து, ஓடியோகிராமையும் டொக்டர் கடிதத்தையும் காட்டி, உதவி ஏதாவது கிடைக்குமா என்று கேளுங்கள்.

டியூனிங்: காசைவிட முக்கியம் இதுதான்

அப்பாவுக்கு முதலில் மெஷின் கொடுத்த இடத்தில் மாட்டிவிட்டு "கேக்குதா?" என்றார்கள், "கேக்குது" என்றார், அவ்வளவுதான் டியூனிங். பேச்சு கேட்டது, இரைச்சல் அப்படியே இருந்தது. பிறகு வேறோர் இடத்தில் பொறுமையாக உட்கார்ந்து மாற்றித் தந்த பிறகுதான் அதே மெஷின் வேலை செய்தது. அதனால் ஓடியோலஜிஸ்டிடம், அதாவது காதைப் பரிசோதித்து மெஷினை டியூன் செய்பவரிடம், இந்த விஷயங்களைக் கேளுங்கள், எழுதியே கொண்டுபோங்கள்.

முதலாவது, "எனக்குப் பேச்சு மட்டுமில்லை, இரைச்சலும் பிரச்சினை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பேச்சுக்கு மட்டும் டியூன் செய்தால், பேச்சு இல்லாத நேரத்தில் மெஷின் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். சுற்றுப்புறச் சத்தத்தைக் குறைக்கும் அமைப்பு, ரொம்ப மெல்லிய சத்தத்தை வெட்டிவிடும் அமைப்பு என்று இரண்டு உண்டு. வழக்கமாக இவை நல்லவைதான். ஆனால் இரைச்சல் உள்ளவருக்கு அந்த மெல்லிய சத்தங்கள்தான் வேண்டும். இவற்றைக் குறைத்தோ நிறுத்தியோ ஒரு தனி புரோகிராம் போட்டுத் தரச் சொல்லுங்கள். மெஷினில் இருக்கும் பட்டனை அழுத்தினால் அது வரும்படி செய்யலாம், வெளியே சந்தைக்குப் போகும்போது ஒன்று, வீட்டில் சும்மா இருக்கும்போது ஒன்று.

இரண்டாவது, காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, செவிப்பறை பக்கத்தில் உண்மையில் எவ்வளவு சத்தம் போகிறது என்று அளக்கும் வசதி இருந்தால் அதைச் செய்யச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் திரையில் காட்டும் கணக்கும் காதுக்குள் போவதும் ஒன்றாக இருப்பதில்லை, ஒவ்வொருவர் காதுத் துளையும் ஒவ்வொரு அளவு.

மூன்றாவது, மெஷினுக்குள்ளேயே மழை போல, அலை போல மெல்லிய சத்தம் போடும் வசதி இருந்தால், அது இரைச்சலை மூடக் கூடாது. இரைச்சலுக்குச் சற்றுக் கீழே, இரண்டும் கலந்து கேட்கிற அளவில் வைக்க வேண்டும். மூடிவிட்டால் மூளை இரைச்சலோடு பழகக் கற்றுக்கொள்ளாது, கழற்றியதும் முன்னைவிட எரிச்சலாக இருக்கும். முதலில் இது இல்லாமல் மெஷினை மட்டும் போட்டுப் பாருங்கள், பலருக்கு அதுவே போதும்.

நான்காவது, எழுந்து வரும் முன் யாரும் பேசாமல் பத்து நிமிஷம் மெஷினோடு அமைதியாக உட்காருங்கள். ஃபேன் சத்தம், கடிகாரம், பக்கத்து அறைக் காலடி கேட்கிறதா? சொந்தக் குரல் பானைக்குள் பேசுவது மாதிரி இருந்தால் காது அடைபட்டிருக்கிறது, முனையை மாற்றச் சொல்லுங்கள். இரைச்சல் கூடினால் உடனே சொல்லுங்கள்.

தொல்லையை அளந்து வைப்பதும் உதவும். டின்னிடஸ் ஹேண்டிகாப் இன்வென்டரி (டின்னிடஸ் என்றால் காது இரைச்சல்) என்று 25 கேள்விகள் உள்ள ஒரு படிவம் 1996இலிருந்து உலகம் முழுக்கப் பாவனையில் இருக்கிறது, 100க்குப் புள்ளி. மெஷினுக்கு முன்னும் மூன்று மாதம் கழித்தும் நிரப்பிப் பாருங்கள், 7 புள்ளியாவது குறைந்தால் உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். படிவம் கிடைக்காவிட்டால் தூக்கம், கோபம், பேச்சில் கவனம் மூன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள், அதுவும் போதும்.

முதல் வாரங்கள்

முதல் நாளே வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ போட்டுக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் தொடங்குங்கள், காலையில் இரண்டு மணி நேரம், சாயந்தரம் இரண்டு மணி நேரம். பொலித்தீன் பை கசங்குவது, சட்டியில் கரண்டி படுவது, தகரத்தில் மழை எல்லாம் எரிச்சலாகக் கேட்கும். மூளை அவற்றை மறந்து பல வருஷம் ஆகிவிட்டது, பழகக் கொஞ்ச நாள் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் சிறிது கூட்டி, இரண்டு மூன்று வாரத்தில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்று கொண்டுவாருங்கள். தாங்க முடியாத சத்தம் ஏதாவது இருந்தால் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா இருக்காமல், எந்தச் சத்தம் என்று எழுதிவைத்து டியூன் செய்யும் இடத்தில் காட்டுங்கள்.

சாயந்தரம் வேலை முடிந்து, முகம் கழுவி, இஸ்தோப்பில் தேத்தண்ணியோடு உட்காரும் நேரம் கட்டாயம் போட்டிருக்க வேண்டும். இரைச்சல் மேலேறி வரும் நேரம் அதுதான்.

இன்னொன்று, இரைச்சல் குறைந்ததா குறைந்ததா என்று நாளுக்குப் பலதரம் காதைக் கூர்ந்து பார்க்காதீர்கள். கவனிக்கக் கவனிக்க அது வளரும். "இன்னைக்கு மத்தியானம் அதை மறந்தே போயிட்டேன்" என்று ஒருநாள் நீங்களே சொல்வீர்கள், முன்னேற்றம் அப்படித்தான் வரும். சிலருக்குச் சில வாரத்தில், சிலருக்குப் பல மாதத்தில். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் ஒன்றும் மாறாவிட்டால் மறுபடி டியூனிங், அதற்குப் பிறகும் இல்லையென்றால் கீழே சொல்லும் சிகிச்சை.

ஸ்டோருக்குள் மட்டும் மெஷின் வேண்டாம். ரோலர், ட்ரையர், புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் வாள் இவற்றின் பக்கத்தில் மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, காதை மூடும் மஃப் போடுங்கள். நிறுத்தி வைத்த காது மெஷின் காதைப் பாதுகாக்காது, அந்தத் துளை முனை வழியே எல்லாம் உள்ளே போகும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் எல்லை. ஒரு கை தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் எல்லையைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ராத்திரி

படுக்கும்போது மெஷினைக் கழற்ற வேண்டும். அப்போது இரைச்சல் திரும்பி வரும், இயல்புதான். ஃபேனைப் போட்டுக்கொண்டு படுங்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும், நுவரெலியாக் குளிரில் யார் ஃபேன் போடுவது? போனில் மழைச் சத்தமோ ஆற்றுச் சத்தமோ இறக்கி வைத்துக்கொண்டு, தலைமாட்டில் இல்லாமல் சற்றுத் தள்ளி மேசையில் வைத்து மெதுவாகப் போடுங்கள், இயர்போன் வேண்டாம். இரைச்சலுக்குக் கீழேதான் இதுவும் இருக்க வேண்டும். தகரக் கூரையில் மழை பெய்கிற இரவில் நன்றாகத் தூங்கிவிட்டு, மழை விட்டதும் விழித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு விடியும்வரை ஓடும் சத்தம் நல்லது, நடுவில் தானாக நிற்கும்படி டைமர் போடாதீர்கள். பக்கத்தில் படுப்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள், சின்ன காம்பராவில் எல்லாரும்தான் கேட்க வேண்டும்.

மூடுபனியும் மெஷினும்

நம் ஊரில் மெஷின் சாவது பெரும்பாலும் ஈரத்தால். குளிருக்குள் போய்விட்டு அடுப்படிச் சூட்டுக்குள் வந்தால், மெல்லிய குழாய் வகையில் குழாய்க்குள் கடுகளவு தண்ணீர்த் துளி நிற்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். அந்த ஒரு துளி போதும், சத்தம் அடைத்துக்கொண்டு இரைச்சல் மேலே வந்துவிடும், மெஷின் பழுது என்று நினைத்துவிடுவோம். குழாயைக் கழற்றி, அதற்கென்று தரும் ஊதுகுழலால் ஊதி எடுங்கள், வாயால் ஊதினால் இன்னும் ஈரம்தான் போகும்.

ராத்திரி பெட்டரிக் கதவைத் திறந்துவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பெட்டரியை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள், ஜெல் அதையும் உலர்த்திவிடும். அடுப்பு மேலோ வெயிலிலோ வைத்துக் காயவைக்காதீர்கள். அடைமழையில் மலைக்குப் போனால் கழற்றி டப்பாவில்.

இந்த பெட்டரி காற்றில்தான் இயங்கும். ஸ்டிக்கரை உரித்ததும் போட்டுவிடாமல் ஒன்றிரண்டு நிமிஷம் வெறுமனே வையுங்கள், பிறகு போடுங்கள். ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினாலும் மிச்சம் பிடிக்க முடியாது. குளிரும் ஈரமும் அதன் ஆயுளைக் குறைக்கும், ஆகவே கொஞ்சம் முன்னதாக முடிந்தால் மெஷினைத் திட்டாதீர்கள், ஒரு அட்டை கூடுதலாகக் கையில் வைத்திருங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெட்டரியைக் கண் முன்னால் விடாதீர்கள். விழுங்கினால், மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நாய்களுக்கும் இந்த மெஷினைக் கடிப்பதில் தனி ஆசை.

முனையில் குறும்பி அடைத்தாலும் சத்தம் நின்றுவிடும். தினமும் காய்ந்த துணியால் துடைத்து, வெள்ளை நிற வடிகட்டி மஞ்சளாகிவிட்டால் மாற்றுங்கள். சிவப்புப் புள்ளி வலது, நீலம் இடது, மாற்றி மாட்டினால் டியூனிங் எல்லாம் வீண்.

கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் நடுவே பஸ் ஏறி இறங்கும்போது காது அடைப்பது எல்லாருக்கும் தெரியும். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். றம்பொடைப் பக்கம் வளைவில் இறங்கும்போது காது அடைத்தால் இரைச்சலும் கூடிக் கேட்கும். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், காது திறந்ததும் பழைய நிலைக்கு வரும். டியூன் செய்யப் போகும் நாளில் இறங்கிய கையோடு உட்காராமல் அரை மணி நேரமாவது காதை விடுங்கள்.

மெஷின் மட்டும் போதாதபோது

இரைச்சலால் தூக்கம் கெட்டு, மனம் உடைந்து, வேலைக்குப் போகப் பிடிக்காமல், சாவைப் பற்றிக்கூட நினைப்பு வந்தால் அதை வெளியே சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். இரைச்சலைப் பற்றிய பயத்தையும் அதற்கு நாம் காட்டும் எதிர்ப்பையும் மாற்றும் பேச்சுவழிச் சிகிச்சை ஒன்று இருக்கிறது, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்பார்கள். தொல்லையைக் குறைப்பதில் நல்ல ஆதாரம் உள்ள சிகிச்சைகளில் அது முக்கியமானது, மெஷினோடு சேர்த்தே செய்யலாம். பெரிய வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள்.

ஜின்கோ, துத்தநாக மாத்திரை, மெலடோனின் என்று இரைச்சலுக்காக விற்கும் எதையும் நான் மேலே சொன்ன 2014 வழிகாட்டல் பரிந்துரைக்கவில்லை, அந்தக் காசை பெட்டரிக்கு வையுங்கள். தேத்தண்ணியை நிறுத்தச் சொல்கிறவர்கள் உண்டு. நிறுத்தினால் இரைச்சல் குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, திடீரென நிறுத்தினால் தலைவலிதான் மிச்சம். தூக்கம் வராதவர்கள் ராத்திரித் தேத்தண்ணியை மட்டும் விட்டால் போதும்.

வருஷத்துக்கு ஒருதரம் காதை மறுபடி பரிசோதித்து, புதுத் தாளை வைத்து மெஷினை டியூன் செய்துகொள்ளுங்கள். காது மாறிக்கொண்டே இருக்கும், பழைய அளவில் ஓடும் மெஷின் மெதுவாகப் பலன் தராமல் போய்விடும். போகும்போது பழைய ஓடியோகிராம், மெஷின் பெட்டியில் இருக்கும் உத்தரவாத அட்டை, எழுதி வைத்த கொப்பி மூன்றையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.